சூரன் தலை இறங்காத மாலை

டிரஸ்ஸர் ஐயா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பத்து பெரண்டாம் என்ற ஊரில் பள்ளிக்கூட வாசலில் வேனைப் பின்பக்கமாகச் செருகிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளை ஏற்றும் வேன். அந்தச் சந்தில் ஒரே வெட்டில் வேனை நிறுத்த மலாக்கா மாநிலத்திலேயே என் ஒருவனால்தான் முடியும்; மற்ற ஓட்டுநர்கள் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். போன் அடித்தது. தஞ்சோங் கிளிங்கில் ஐயாவின் பக்கத்து வீட்டுக்காரர். "அண்ணே, டிரஸ்ஸர் ஐயா போயிட்டாருண்ணே. காலையில கோப்பி கலக்கி வெச்சிருக்காரு, குடிக்கல. நாற்காலியில சாஞ்சவரு சாஞ்சபடியே" என்றார். வேன் பாதி சந்திலும் பாதி சாலையிலுமாக நின்றது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அன்றைக்கு எத்தனை வெட்டு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

என் மகள் சாந்தியின் மகள் கவிஷா வழக்கம்போல முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பள்ளியில் முதலாம் ஆண்டு, ஏழு வயது. மற்றப் பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு, எங்கள் வீட்டு வாசலில் வேனை நிறுத்திய பிறகுதான் சொன்னேன்.

"கவிஷா, டிரஸ்ஸர் தாத்தா செத்துப் போயிட்டாரும்மா."

அவள் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ இனிமே நான் அவருகூடப் பேச வேணாம்தானே?"

எனக்கு எந்தக் கேள்விக்கும் பதில் வரும். போலீஸ்காரர் கேட்டாலும் வரும், வங்கிக்காரர் கேட்டாலும் வரும். அன்றைக்கு வேனை விட்டு இறங்கிப்போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

ஐயாவைத் தெரிந்தவர்களே, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுத வேண்டும் என்று அவருடைய சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்டார்கள். பட்டதாரிகள் அத்தனை பேர் இருக்க என்னைக் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தோட்டத்துப் பள்ளியில் ஆள் கிடைக்கவில்லை. மற்றவர்கள் அவருடைய சேவையை எழுதுவார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் தன் கடைசி மாதங்களில் டிரஸ்ஸர் அம்பலவாணர் ஒன்றே ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார். என் பேத்தி தன்னோடு மறுபடி பேசுவாளா என்று காத்திருந்தார். அவள் பேசவில்லை. அதை நான் எழுதாவிட்டால் எழுத வேறு ஆள் கிடையாது.

இளையவர்களுக்கு 'டிரஸ்ஸர்' என்றால் தெரியாது. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் மாதத்துக்கு ஒரு தரம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பிரசவம், பாம்புக்கடி, வெட்டுக்காயம் எல்லாம் டிரஸ்ஸர் கையில்தான். மஸ்ஜித் தானா என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஐயா அந்த வேலை பார்த்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். இங்கேயே பிறந்தவர்தான், ஆனாலும் பேச்சில் அந்த ஊர் போகவே இல்லை. நாங்கள் பால்மரம் வெட்டுகிறவர்களின் பிள்ளைகள். அவர் பங்களா வரிசையில் இருப்பவர். அவரைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பார்கள். நான் இறங்க மாட்டேன். பிரேக் இல்லாத சைக்கிள்.

நான் தோட்டத்து லோரி ஓட்டத் தொடங்கிய புதிதில், பால் நிறைந்த பீப்பாய் ஒன்று உருண்டு வந்து என் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஐயா ஊசியும் நூலுமாக உட்கார்ந்தார். மரத்துப்போகிற மருந்து தீர்ந்து போயிருந்தது. நான் அசையவே இல்லை; அவர் தைக்கத் தைக்க நான் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும் ஐயா பக்கத்தில் இருந்தால் ஒரு வரி சேர்ப்பார்: "ஓம், பாடினவன். 'அம்மா' எண்ட ஒரு சொல்லை வைச்சே முழுப் பாட்டும் பாடினவன்." அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரலாம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளைகளுக்கு ஊசி போடும்போது எல்லோரும் "நோவாதும்மா, எறும்பு கடிக்கிற மாதிரி" என்றுதானே சொல்லுவோம்? அவர் சொல்ல மாட்டார். பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து, "நோகும், பிள்ளை. நல்லா நோகும். பிறகு நிக்கும்" என்பார். தாய்மார் சண்டைக்குப் போவார்கள். என் மனைவியே ஒரு தடவை, "ஏன்யா, ஒரு பொய் சொன்னா ஒங்க வாய் கோணிக்குமா?" என்று கேட்டுவிட்டாள். அவர் ஊசியைத் துடைத்துக்கொண்டே, "பொய் சொல்லிக் குத்தினா, ஊசி ஒரு நாள்தான் நோகும். பொய் அதுக்குப் பிறகும் நோகும்" என்றார். சாந்திக்கு அப்போது இரண்டு வயது. அவள் அழவே இல்லை என்று நான் சொல்லுவேன். அழுதாள். ஆனால் அவரைக் கண்டு ஒருநாளும் ஓடவில்லை.

தோட்டங்களை வீட்டுமனைகளாக்கி விற்றார்கள். நான் தொழிற்சாலை பஸ் ஓட்டினேன், பிறகு வேன். அவர் ஓய்வு பெற்றுத் தஞ்சோங் கிளிங்கில் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு வீடு வாங்கிக்கொண்டார். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. எங்களை மறுபடி சேர்த்தது முருகன் கோயில் சூரன்தான்.

நம் கோயில் சூரசம்காரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சக்கர மேடையில் ஆள் உயரத்துக்கு மேல் சூரன். மேடையின் முன்கட்டையைப் பிடித்து அவனைத் திருப்புகிறவன் நான். நான் சூரனை ஒரு சுற்றுச் சுற்றினால் முன்வரிசைப் பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்வார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் பார்க்க வந்தார்கள். சரி, ஒரு கார். மேடையில் சூரனின் முதுகுக்குப் பின்னால், கறுப்புத் துணிக்குள் மறைந்து நிற்பவர் ஐயா. குருக்கள் முருகனின் வேலாயுதத்தைக் கொண்டுவந்து தொட்டதும் யானைத் தலை விழ வேண்டும், சிங்கத் தலை ஏற வேண்டும். அது விழுந்தால் சூரனின் சொந்தத் தலை. அதுவும் விழுந்தால் மாமரக் கொப்பு, பிறகு மயிலும் சேவலும். கயிற்றை இழுத்து, விழும் தலையை நெஞ்சில் வாங்கி, அடுத்ததை முளையில் பொருத்த வேண்டும். காயம் தைத்த கை. மேளக்காரர் ஒரு உருட்டு உருட்டி முடிப்பதற்குள் தலை மாறிவிடும். வெளியே இருப்பவர்களுக்கு மாயமாகத்தான் தெரியும்.

போன சஷ்டிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, கோயில் மண்டபத்தின் பின்பக்கம் தலைகளை வரிசையாக வைத்துச் சாயம் அடித்துக்கொண்டிருந்தோம். கவிஷாவுக்கும் ஒரு தூரிகை கொடுத்து, சூரன் பல்லுக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருந்தேன். அடித்துக்கொண்டே கேட்டாள்.

"தாத்தா, சூரன் செத்தப்புறம் என்னா ஆவான்?"

"அவன் எங்கம்மா சாவான்? வேலு பட்டதும் மாமரமா ஆயிடுவான். மரத்த ரெண்டாப் பொளந்தா ஒண்ணு மயிலு, ஒண்ணு சேவலு. மயிலு மேல சாமி ஏறிக்குவாரு. சேவலக் கொடியில வெச்சுக்குவாரு. எல்லாருக்கும் சந்தோசம்."

"அப்போ அந்தப் பாப்பாவும் மயிலா ஆயிடுமா?"

"எந்தப் பாப்பா?"

"அம்மா போன்ல வந்துச்சுலா. குண்டு போட்டு வீடு ஒடஞ்சி போச்சு. அவுங்க அப்பா பாப்பாவத் தூக்கிட்டு ஓடுறாரு. மேலெல்லாம் சிமெண்டு. காலு மட்டும் ஆடுது."

நான் தயங்கவே இல்லை. "ஆயிடும்மா! எப்பவோ ஆயிருக்கும். இந்நேரம் பெரிய மயிலா பறந்துக்கிட்டு இருக்கும். நானே மயில் பறக்குறதப் பார்த்திருக்கேன், மஸ்ஜித் தானா ரோட்டுல, லோரி ஒசரத்துக்கு."

"ஆகாது, பிள்ளை" என்றார் ஐயா.

"ஐயா!" என்றேன் நான்.

"ஆகாது. செத்தது செத்ததுதான்."

கவிஷா தூரிகையைக் கீழே வைத்தாள். "யாரு கொன்னா? கெட்டவங்களா?"

"கொன்ற ஆக்களைக் கேட்டால், நாங்கள் நல்ல ஆக்கள் எண்டுதான் சொல்லுவினம்."

"நல்லவங்க பாப்பாவக் கொல்லுவாங்களா?"

"கொன்றிருக்கினம்."

"கவிஷா, பல்லுக்கு அடிம்மா. இன்னும் பாதிப் பல்லு மஞ்சளா இருக்கு. சூரன் பல்லே வெளக்கலன்னு நெனச்சுக்குவாங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு பல்லுக்கு மெதுவாக வெள்ளை அடித்தாள்.

"சூரனுக்கு அம்மா இருக்காங்களா?"

"இருந்தவ" என்றார் ஐயா.

"முருகன் கொல்றப்போ அவுங்க பார்த்துக்கிட்டா இருந்தாங்க?"

ஐயாவின் கை பாதியில் நின்றது. அவர் தூரிகையிலிருந்து சிவப்புச் சாயம் தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது. எத்தனையோ சாவுக்குப் பக்கத்தில் நின்ற முகம் அது. அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

அவரை வீட்டில் விடப் போகும்போது வேனில் நான் சத்தம் போட்டேன். "சின்னப் புள்ளைக்கிட்ட இப்படியாய்யா பேசுறது? ராத்திரி தூங்குமா அது? மயிலுன்னு சொன்னா என்னா கொறஞ்சி போச்சு?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ மயில் எண்டு சொன்னா அவள் இண்டைக்கு நல்லா நித்திரை கொள்ளுவாள். வளர்ந்தாப் பிறகு, எங்கயாவது பிள்ளைகள் சாகேக்க, அது மயிலாப் போகுது எண்டு கை தட்டுவாள். கை தட்டுற ஆக்கள் எல்லாரும் சின்ன வயசில நல்லா நித்திரை கொண்ட ஆக்கள்தான், முனியாண்டி."

எனக்கு அது அப்போது விளங்கவில்லை. வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று ரேடியோவைப் போட்டேன்.

சூரசம்காரத்தன்று மழை பெய்யும் என்றார்கள், பெய்யவில்லை. ஆயிரம் பேர் இருப்பார்கள். கவிஷா சாந்தியின் இடுப்பில் ஏறிக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். நான் சூரனை என்றைக்கும் இல்லாதபடி திருப்பினேன். யானைத் தலை விழுந்தது, "அரோகரா!" என்று கூட்டம் கத்தியது. சிங்கத் தலை விழுந்தது. சூரனின் சொந்தத் தலை ஏறியது, மீசையும் வெள்ளைப் பல்லுமாக. மேளம் உருண்டது. குருக்கள் ஓடி வந்து வேலால் தொட்டார்.

தலை விழவில்லை.

கூட்டம் சிரித்தது. குருக்கள் பின்னால் போய் மறுபடி ஓடி வந்து தொட்டார். விழவில்லை. மேளக்காரர் உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். கயிறு சிக்கிவிட்டது என்று நினைத்து நான் கட்டையை விட்டுவிட்டுத் துணிக்குள் தலையை நீட்டினேன். சிக்கு எதுவும் இல்லை. ஐயா கயிற்றைத் தளர்வாகக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துணியில் இருந்த ஓட்டை வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இழுங்கய்யா! எல்லாம் நிக்கிறாங்க!"

"ஏலாது" என்றார்.

"என்னாய்யா ஏலாது? கையில என்னா?"

"கையில ஒண்டும் இல்லை. எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கினம் பார். தட்டுறதுக்கு."

மூன்றாவது தடவையும் வேல் தொட்டது. இப்போது யாரும் சிரிக்கவில்லை, முணுமுணுப்பு எழுந்தது. பிள்ளைகள் மட்டும், "சாவ மாட்டேங்குறான்! சாவ மாட்டேங்குறான்!" என்று கத்தினார்கள். கோயில் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையில் ஏறி, ஐயாவின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி இழுத்தார். பிடிக்க யாரும் இல்லாததால் தலை மேடையில் மோதி, உருண்டு, தரையில் விழுந்தது. மூக்கு உடைந்தது. கூட்டம் கை தட்டியது. அவ்வளவு கைதட்டலை நான் கேட்டதில்லை. மாமரக் கொப்பை எந்த முளையில் பொருத்துவது என்று தலைவருக்குத் தெரியவில்லை. மயிலும் வரவில்லை, சேவலும் வரவில்லை. தலை இல்லாத சூரன்தான் நின்றான். கவிஷா கை தட்டவில்லை. வாயைத் திறந்தபடி அந்த வெற்றுக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் பேசியதை இங்கே எழுத முடியாது. நான் அவரிடம் போய், ஐயாவுக்கு மயக்கம் வந்துவிட்டது, நெஞ்சு வலி, நான்தான் தாங்கிப் பிடித்தேன் என்று அழகாக ஒரு கதை கட்டினேன். ஏறக்குறைய நம்பிவிட்டார். ஐயா பின்னாலிருந்து, "எனக்கு நெஞ்சு வருத்தம் ஒண்டும் இல்லை. வேணுமெண்டுதான் நிண்டனான்" என்றார். அடுத்த வருடம் அவர் மேடைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் என் வேனின் கதவைத் திறந்துவைத்து அதன் படியில் அவரை உட்காரவைத்தேன். சாந்தி பிரசாதம் வாங்கப் போயிருந்தாள். கவிஷா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"டிரஸ்ஸர் தாத்தா, நீங்க ஏன் சூரனக் கொல்ல விடல?"

"நீதான் கேட்டனீ, அவன்ர அம்மா பார்த்துக்கொண்டா இருந்தவ எண்டு. எனக்கு ஒரு அம்மாவைத் தெரியும்."

இத்தனை வருடப் பழக்கத்தில் என்னிடம் சொல்லாததை ஐயா அந்தப் பிள்ளையிடம் சொன்னார். அவருடைய தங்கை செல்லத்தை யாழ்ப்பாணத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ரமணன் என்று ஒரே மகன். அங்கே சண்டை நடந்த காலம். அவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போகிறேன் என்று நின்றான். தங்கை இங்கே போன் போட்டாள்: 'அண்ணா, நீங்கள் சொன்னாத்தான் கேப்பான். போகாதை எண்டு சொல்லுங்கோ.' அப்போது இங்கே, மலாக்காவில், படித்தவர்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அந்தச் சண்டையைப் பற்றிப் பேசிப் பெருமைப்பட்ட காலம். அதில் ஐயாவும் இருந்தார்.

"அவன் போனுக்கு வந்தான். நான் சொன்னன், 'ஆம்பிளைப் பிள்ளை பயந்து வீட்டுக்குள்ள நிக்கக் கூடாது' எண்டு."

"அந்த அண்ணன் போனாரா?"

"போனான்."

"வந்தாரா?"

"இல்லை."

"நீங்க போனீங்களா?"

"இல்லைப் பிள்ளை. நான் இஞ்ச இருந்தனான்."

கவிஷா யோசித்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கணக்குப் போடுகிற மாதிரி. "அவுங்க அம்மா போவ வேணாம்னு சொல்லச் சொன்னாங்கதானே?"

"ஓம்."

"நீங்க போவச் சொன்னீங்க."

"ஓம்."

"அப்போ நீங்க கெட்டவரா?"

நான் குறுக்கே விழுந்தேன். "யே, கவிஷா! டிரஸ்ஸர் தாத்தா எத்தனை பேரைக் காப்பாத்தினவரு தெரியுமா? ஒங்கம்மாவுக்கே..."

"முனியாண்டி, குறுக்க வராதை" என்றார். பிறகு அவள் முகத்துக்கு நேரே குனிந்து, ஊசி போடுவதற்கு முன்னால் சொல்லுகிற அதே குரலில், "ஓம், பிள்ளை" என்றார்.

அவள் ஒரு அடி பின்னால் போனாள். இன்னொரு அடி. பிறகு ஓடிப்போய்ச் சாந்தியின் காலைக் கட்டிக்கொண்டாள். வீடு வரும்வரை பின்சீட்டில் இருந்தாள். அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐயா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். முன்பெல்லாம் அவள்தான் கேட்டைத் திறப்பாள். இப்போது கார் சத்தம் கேட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் கொண்டுவந்த பிஸ்கட் மேசையிலேயே இருக்கும். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு கோப்பி குடித்துவிட்டுப் போவார். சாந்தி அதட்டிப் பார்த்தாள். நான் என் வித்தை எல்லாவற்றையும் காட்டினேன். ஐயா ஒருமுறை வெள்ளத்தில் நீந்திப்போய் இரட்டைப் பிள்ளைகளுக்குப் பிரசவம் பார்த்தார், புலியே வழிவிட்டது என்று சொன்னேன். கவிஷா பொறுமையாகக் கேட்டாள். "அதனால அந்த அண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்டாள். புலிக் கதையோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

ஐயாவிடமே ஒருநாள் சொன்னேன். "சின்னப் புள்ளைய்யா, ஒரு வார்த்த 'சும்மா சொன்னேன்'னு சொல்லுங்க. ஓடி வந்துரும். நீங்களும் நிம்மதியா இருக்கலாம்." அன்றைக்கு அவருக்கு மூச்சு வாங்கியது, காலெல்லாம் வீக்கம். கவிஷாவின் கதவைப் பார்த்தபடியே சொன்னார்.

"செல்லம் என்னை ஒருநாளும் ஏசேல்லை. பெடியன் போனாப் பிறகும் போன் எடுத்தா, 'சாப்பிட்டீங்களா அண்ணா' எண்டுதான் கேட்டவ. கடைசி மட்டும் அதைத்தான் கேட்டவ. பிறகு அந்தப் பக்கம் போனே இல்லாமப் போச்சு, அவவும் இல்லை. இஞ்ச எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னவை, தியாகம் எண்டவை. ஒருத்தரும் கோவிக்கேல்லை. இந்தப் பிள்ளைதான் முதல் ஆள்."

"அப்போ அது பேசலன்னா ஒங்களுக்குச் சந்தோசமா?"

"விசரே, ஆருக்குச் சந்தோசம்? ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கதவு திறக்காதோ எண்டுதான் வாறன். ஆனா என்ர வாயால திறக்கப் பண்ண மாட்டன்."

கதவு திறக்கவில்லை. அந்த ஞாயிறுக்கும் அடுத்த ஞாயிறுக்கும் நடுவில் அவர் போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த அவருடைய பெரியப்பா மகன் கொள்ளி வைக்க ஒத்துக்கொண்டார். கிரியை செய்ய வந்தவர், "பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்க வாங்கோ" என்று கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. பேரப்பிள்ளை பிறக்க வேண்டிய வழி ரமணன் போனதோடு அடைபட்டுவிட்டதே. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். எல்லோருடைய பார்வையும் வாசலில் சாந்தியின் பக்கத்தில் நின்ற கவிஷாமேல் போனது. வர மாட்டேன் என்று அழுதவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால்தான் சாந்தி கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

நான் அவளைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். "ஒரு சுத்துதாம்மா. கையில வெளிச்சத்தப் பிடிச்சிக்கிட்டுத் தாத்தாவ ஒரு சுத்து. அவருக்கு ஆளே இல்லம்மா."

"எதுக்கு வெளிச்சம்?"

"போற வழி இருட்டா இருக்குமாம்."

"அந்த அண்ணனுக்கு யாரு பிடிச்சா?"

சொல்ல என்னிடம் ஆயிரம் இருந்தது. ஊரே திரண்டு வந்து பிடித்தது, யானைமேல் வைத்துக் கொண்டுபோனார்கள், வழியெல்லாம் விளக்கு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தேன். அதே நெற்றிச் சுருக்கம்.

"யாரும் பிடிக்கலம்மா" என்றேன். "எங்க கெடந்தான்னே தெரியல."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, நான் பிடிக்கிறேன். ஆனா அந்த அண்ணனுக்கு. இவருக்கு இல்ல."

அங்கே இருந்தவர்களே, நீங்கள் பார்த்து உருகியது வேறு. நெய்ப் புகை கண்ணில் பட்டு அழுதபடி ஒரு சின்னப் பெண் ஐயாவைச் சுற்றி வந்ததைப் பார்த்தீர்கள். சொந்தப் பேத்தி இருந்திருந்தால்கூட இப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று பேசிக்கொண்டீர்கள். சிலர் என் கையைப் பிடித்துப் பாராட்டினீர்கள், நானும் வாங்கிக்கொண்டேன். அவள் ஐயாவின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வெளிச்சத்தை அவர் பக்கம் சாய்க்கவும் இல்லை. முகம் தெரியாத ஒரு பையனுக்காக, எந்த இடம் என்று தெரியாத ஒரு இடத்துக்கு அதை நீட்டிக்கொண்டு நடந்தாள். அம்பலவாணர் ஐயா போன வழிக்கு வெளிச்சம் இல்லை.

இதை எழுதும் இப்போதும் போனைத் திறந்தால் யாரோ ஒரு அப்பா யாரையோ தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறார். கீழே கை தட்டுகிற படங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். இது நிற்கப்போகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் எதற்கும் ஒரு நல்ல முடிவு சொல்லிவிடுவேன். கேட்கிறவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள். இதற்கு நானும் முயன்று பார்த்தேன், வரவில்லை.

அவருடைய கைத்தடியைக் கோயிலுக்கு வாங்கிக்கொண்டார்கள். படத்தைச் சொந்தக்காரர்கள் எடுத்துப் போனார்கள். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள், ஒன்றும் வேண்டாம் என்றேன். அவருடையது ஒன்று ஏற்கனவே என் வீட்டில் இருக்கிறது. ஐயாவின் பெயரைச் சொன்னால் கவிஷாவின் முகம் இன்னும் இறுகுகிறது. சாந்தி, "அப்பா, ஒங்களுக்குத்தான் பேச வருமே, ஏதாவது சொல்லி அவ மனச மாத்துங்களேன்" என்கிறாள். என்னால் முடியும். ஒரு மாலை நேரம் போதும் எனக்கு. கல்லைக்கூடப் பேசிக் கரைத்தவன் நான். செய்ய மாட்டேன். அந்தத் தங்கை கோபப்படாமல் போனாள், ஊர் கோபப்படாமல் விட்டது. டிரஸ்ஸர் அம்பலவாணர்மேல் இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் கோபம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். ஆறாமல் பார்த்துக்கொள்கிறேன், ஐயா.